காத்து ஆகாத இழை

ஜன்னல அடைக்காத மக்ளே. காத்து வரட்டும். உனக்கு முடி பறக்கு, தெரியுது. இருந்தாலும் கொஞ்சம் பொறு. மார்த்தாண்டத்துல இறங்குகது வரைக்கும்தான் எனக்குக் காத்து. வீட்டுக்குள்ள போயிட்டா அதுவும் கெடையாது. எங்க வீட்டுல ஃபேன் போடப்பிடாது.

கரண்டு இல்லாம இல்ல. ஃபேனும் இருக்கு. முன்னறையில நல்ல பெரிய ஃபேன், தம்பி வாங்கி மாட்டினது. போட்டா இழை பறந்துபோகும். தறியில கெடக்கப்பட்ட இழை. தலைமுடி அதுக்குப் பக்கத்துல கயிறு மாதிரி இருக்கும். பெலமா ஒரு மூச்சு விட்டாலே ஆடும். பொறவு ஃபேன் எப்படிப் போட?

தறிண்ண உடனே என்னை நெசவுக்காரிண்ணு நினைச்சிருப்ப. இல்ல. எங்க குடும்பத்துல ஒருத்தரும் தறிய கண்ணால கண்டதில்ல. இது எனக்க தம்பிக்க பெஞ்சாதி கொண்டுவந்த வினை. அவளுக்க ஊரு பிலிப்பைன்ஸ். ஏன் இப்படிப் பாக்குற? எங்க பக்கத்துல கப்பலுக்குப் போற பயலுவ கொஞ்சமா? ஒருத்தன் ரஷ்யாக்காரிய கொண்டுவந்தான், அவ ஒரு மழைக்காலம் கூட நிக்கல்ல. இவ அப்படி இல்ல. இவ நின்னா. நல்லாத்தான் நின்னா. அதத்தான் சொல்ல வாறேன். பஸ்ஸு எங்க நகருது? தக்கலை தாண்டவே ஒரு மணிக்கூர் ஆக்குவான். கேளு.

எனக்க பேரு செறுபுஷ்பம். தம்பி ததேயுஸ், வீட்டுல ததேயு. அவன் பால்பல்லு விழுகதுக்கு முன்னாலயே அம்மை செத்துப்போச்சு. அப்பன் அதுக்கும் முன்னால. நான் வேலைக்குப் போய் அவனை வளத்தேன். ஒருத்தன் என்னைப் பெண்ணு கேட்டு வந்தான், திருவட்டாறு பக்கம். நல்ல ஆளுதான், பங்குச் சாமியாரு வரைக்கும் பேசியாச்சு. கல்யாணம் முடிஞ்சா தம்பியும் கூட வருவான்ண்ணு சொன்னேன். அவங்க வீட்டுல யோசிச்சாங்க. யோசிக்கப்பட்ட இடத்துக்கு நான் எதுக்குப் போகணும்? வேண்டாம்ண்ணுட்டேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒரு நாளு கூட நான் அதை நினைச்சதில்ல. அந்தத் திருவட்டாறுக்காரனுக்கு ரெண்டும் பெண்ணு. மூத்தவ நர்ஸு படிக்குறா, இளையவளுக்குக் கொஞ்சம் கண்ணு தெரியாது, கண்ணாடி போட்டிருக்கா.

ததேயு கப்பல்ல சமையல் வேலைக்குப் போனான். ஒரு தடவை மணிலாவுல கப்பலுக்குக் காத்துக் கெடந்தப்போ ஒரு சாப்பாட்டுக் கடையில இவளப் பாத்திருக்கான். போன் போட்டு, "அக்கா, ஒரு பெண்ணு இருக்கு, கட்டிக்கிடட்டா?"ண்ணு கேட்டான். நான் பதிலே சொல்லல்ல. போன் வந்தா எடுத்து, சாப்பிட்டியாண்ணு கேட்டு, வெச்சிருவேன். அவன் கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுத்தான். பொறவு, "அவ நம்ம சபைதான் அக்கா, ஞாயிற்றுக்கிழமை பூசை விடமாட்டா"ண்ணான். அப்ப சரிண்ணேன். நான் சரிண்ணு சொல்லாம அவன் ஒரு செருப்பு கூட வாங்கமாட்டான்.

அவ பேரு மரிவிக். மரியா விக்டோரியாவைச் சுருக்கினா மரிவிக்காம். சின்ன உருவம். நல்ல வேலைக்காரி, குறை சொல்லக்கூடாது. வந்த அண்ணு என்னைப் பாத்து "ஆத்தே"ண்ணா. என்னத்தக் கண்டு பயந்துட்டாளோண்ணு திரும்பிப் பாக்கேன், ஒண்ணுமில்ல. பொறவுதான் ததேயு சொன்னான், அவங்க பாஷையில அக்காவுக்கு அதுதான் பேராம். அதுக்குப் பொறவு நாள் முழுக்க ஆத்தே, ஆத்தே. அடுத்த வீட்டுக்காரி கேக்குறா, "உங்க வீட்டுல என்ன, நாளும் பாம்பு வருதா?"ண்ணு.

லீவு முடிஞ்சு ததேயு கப்பலுக்குப் போனான். போகும்போ எனக்க கையப் பிடிச்சு ஒரே சொல்லு சொன்னான். "அக்கா, பாத்துக்கிடு."

நான் பாத்துக்கிட்டேன் மக்ளே. யாரும் சொல்லட்டும், நான் அவளப் பாத்துக்கிடல்லண்ணு. பாஷை தெரியாத பெண்ணு, வெளுத்த தோலு, ரோட்டுல இறங்கினா பத்துப் பயலுவ பாப்பானுவ. அதனால நான் வெளிய போகும்போ கேட்டைப் பூட்டிட்டுப் போவேன். தீ கீ பிடிச்சா என்ன செய்வாண்ணு அடுத்த வீட்டுக்காரி கேட்டா. நான் என்ன புத்தி கெட்டவளா? தீப்பெட்டியையும் கேஸ் லைட்டரையும் எடுத்து பையில போட்டுக்கிட்டுத்தான் போவேன். அவளுக்க பாஸ்போர்ட்ட பீரோவுல நகை கூட வெச்சுப் பூட்டினேன். நம்ம வீட்டுல அதை விடப் பத்திரமான இடம் எது? போனையும் அதுலதான் வெச்சேன். சும்மா அதப் பாத்துப் பாத்துக் கண்ணைக் கெடுக்குறா, சில நேரம் அதப் பாத்து அழுகவும் செய்யுறா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து எடுத்துக் குடுப்பேன். அவ அம்மை, தங்கச்சிட்ட எல்லாம் பேசட்டும், நான் தடுக்கல்ல. ததேயு எனக்க போன்லதான் கூப்பிடுவான். அவளுட்ட குடுத்துட்டு நானும் பக்கத்துல இருப்பேன். இங்கிலீஷ்ல பேசினாங்க. தமிழ்ல பேசுங்கண்ணு சொன்னேன். அவளும் தமிழ் படிக்கணும் இல்லியா? அதுக்குப் பொறவு அவன், "சாப்பிட்டியா"ம்பான், அவ "சாப்பிட்டு"ம்பா. அவ்வளவுதான் பேச்சு. ஆனா நல்ல தமிழ்.

இப்படி நல்லாத்தான் போச்சு. அவளும் ஒண்ணும் கேக்கல்ல. ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. எங்க பின்பக்கம் தாசையனுக்க ரப்பர் விளை. பழைய மரத்த முறிச்சுப் புதுக் கண்ணு வெச்சு, இடையில எல்லாம் கைதச்சக்க போட்டிருந்தான். அன்னாசி, அதான். பழம் வெட்டினப்பொறவு அந்த முள்ளு இலைய வெட்டிப் போட்டாங்க. ஒரு நாளு நான் சந்தைக்குப் போயிட்டு வந்து பாக்கேன், இவ பின்மதில்ல ஏறி நின்னு, அங்க வேலை செய்யப்பட்ட பொம்பிளையளுட்ட கையக் காட்டிப் பேசுறா. அவங்களும் சிரிச்சுக்கிட்டு ஒரு கட்டு இலைய இந்தப் பக்கம் தூக்கிப் போடுறாங்க. அடுத்த வாரம் கொத்தனாரை வரச்சொல்லி மதிலுக்கு மேல கண்ணாடிச் சில்லு பதிச்சேன். கள்ளனுக்காகத்தான்.

அந்த இலையக் கொண்டு என்ன செய்யப்போறாண்ணு பாத்தா, அடுக்களையில டமார்ண்ணு சத்தம். ஓடிப்போய்ப் பாக்கேன். எனக்க அம்மைக்கப் பீங்கான் பிளேட்டு, பூ போட்டது, தரையில உடைஞ்சு கெடக்கு. கை தவறல்ல மக்ளே, உடைச்சிருக்கா. கோவத்துல உடைச்சாண்ணுதான் நினைச்சேன். உனக்குக் கோவம் வருமா, இந்த வீட்டுல உனக்கு என்ன குறைண்ணு நான் சத்தம் போட்டேன். உடைஞ்சதுல ஒரு துண்டை எடுத்துத் தடவிப் பாத்தா. கைதச்சக்க இலைய பலகையில நீளமா வெச்சு, அந்தப் பீங்கான் ஓரத்தால சுரண்டினா. பச்சை எல்லாம் வழிஞ்சு போச்சு. பொறவு சிரட்டை ஓட்டால இன்னும் மெதுவாச் சுரண்டினா. இலைக்க உள்ளயிருந்து வெள்ளை வெளேர்ண்ணு நாரு. அதக் கழுவி நிழல்ல தொங்கவிட்டா. அது ஆடினப்போதான் அங்க ஏதோ இருக்குண்ணே எனக்குத் தெரிஞ்சுது.

அவ ஊர்ல இதுல துணி நெய்வாங்களாம். கலிபோண்ணு பேரு அந்த ஊருக்கு. பெரிய பெரிய ஆளுவ கல்யாணத்துக்குப் போடக்கூடிய சட்டையாம், அங்க நல்ல கிராக்கியாம். அவ அம்மை நெய்யும், அவ தங்கச்சி நெய்யும். "நம்ம இலை கொள்ளாது ஆத்தே, நீளம் இல்ல"ண்ணா. தாசையனுக்கக் கைதச்சக்கைக்குக் குறை சொல்ல இவ வந்துட்டா.

ஆனா மக்ளே, அதுக்குப் பொறவு அவ ஜன்னல் கம்பியப் பிடிச்சு நிக்கல்ல. அது எனக்கு ஒரு சமாதானம். காலையில வேலை எல்லாம் முடிச்சிட்டு முன்னறையில தரையில இருந்து முடிச்சுப் போடுவா. நாரு ஒரு முழம் ரெண்டு முழம்தானே இருக்கும்? ஒண்ணுக்க நுனிய அடுத்ததுக்க நுனியில முடிஞ்சு முடிஞ்சு நீளமாக்கணும். முடிச்சு கண்ணுக்கே தெரியப்பிடாது. முடிஞ்ச இழைய ஒரு மண்சட்டிக்குள்ள விடுவா, சிக்கு விழாம இருக்க மேல கொஞ்சம் மணலத் தூவுவா. அப்பதான் இந்த ஃபேன் நிண்ணுச்சு. "ஆத்தே, காத்து வேண்டாம்." சித்திரை மாச வெயிலு. ஓட்டு வீடுண்ணாலும் பரவாயில்ல, எங்க வீடு கான்கிரீட் வார்த்த வீடு, அடுப்பு மாதிரி காயும். படுக்கிற அறையில போய் ஃபேன் போட்டுப் படுக்கலாம்ண்ணு பாத்தா, கதவு வழியா அந்தக் காத்தும் அங்க போகுதாம். கதவ அடைக்கலாம். அடைச்சா அவ என்ன செய்யுறாண்ணு நான் எப்படிப் பாக்க?

அதனால நானும் அங்கயே இருந்தேன். அவளுக்கு எதிர்ல, வேர்த்து ஒழுகிக்கிட்டு. உறக்கமும் வராது. ஒரு மத்தியானம் அவ எனக்க கையில ரெண்டு நாரை வெச்சா. நான் முடிஞ்சேன், அறுந்துபோச்சு. பொறவும் குடுத்தா, பொறவும் அறுந்துபோச்சு. அவ சிரிச்சா. அந்தப் பெண்ணு எங்க வீட்டுல சிரிச்சு அப்பதான் நான் பாத்தேன். எனக்கு வாசி, வீம்பு. ஒரு நாரு எனக்கு அடங்காதாண்ணு. நாலஞ்சு நாளுல கை படிஞ்சுபோச்சு. பொறவு அதுபாட்டுக்குப் போகும் மக்ளே, மனசு எங்கயோ கெடக்கும், கை முடிச்சு போட்டுக்கிட்டே இருக்கும். பேச்சு கெடையாது. என்ன பேச? அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவ பாஷை வராது. சாயங்காலம் ஆனதே தெரியாது. டி.வி.யில சீரியல் எல்லாம் விட்டுப்போச்சு. அந்த நாலு மாசம் எனக்கு மூட்டுவலி இருந்துதா இல்லியாண்ணே நினைவில்ல. வெயிலுக்கு மூட்டுவலி விடுமாம், டாக்டரு சொன்னாரு.

தறி செய்ய ஆசாரி வேணும்ண்ணா. ஆம்பிளைய வீட்டுக்குள்ள எப்படி விட? வயசான ஆளாப் பாத்து, சுவாமிதாஸ் ஆசாரியக் கூப்பிட்டேன். அவ தரையில கரியால வரைஞ்சு காட்டுவா, அவரு தலைய ஆட்டுவாரு. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல நாற்காலி போட்டு செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன். முடிஞ்சு போகும்போ ஆசாரி கேக்குறாரு, "செறுபுஷ்பம், இந்தப் பிள்ளைக்குக் காவலா, இல்ல எனக்குக் காவலா?"ண்ணு. வயசுக்குத் தக்க பேச்சா அது?

துணி ஒரு முழம் வந்தப்போ மடத்துலயிருந்து லீமாரோஸ் சிஸ்டர் பாக்க வந்தாங்க. கையில தூக்கி வெளிச்சத்துல பிடிச்சா, அந்தப் பக்கம் சிஸ்டருக்க முகம் தெரியுது. துணியா, பனியாண்ணு சொல்லத் தெரியல்ல. திருநாளுக்குப் பீடத்துக்குப் போட ஒரு துணி நெய்து தாங்கண்ணு கேட்டாங்க. பொறவு அவளுட்ட இங்கிலீஷ்ல பேசினாங்க. சிஸ்டர் பேசும்போ தமிழ்ல பேசுங்கண்ணு நான் எப்படிச் சொல்ல? என்னட்டத் திரும்பி, "இந்தப் பிள்ளை மடத்துக்கு வந்து எங்க தையல் பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுக்கலாமே"ண்ணாங்க. "அவளுக்கு வெயில் ஆகாது சிஸ்டர், இங்க வேணும்ண்ணா பிள்ளைகளை அனுப்புங்க"ண்ணு சொல்லிட்டேன். சிஸ்டர் கேட்டைப் பாத்தாங்க, மதிலப் பாத்தாங்க. அதுக்குப் பொறவு அடிக்கடி வந்தாங்க, பீடத்துணி எவ்வளவு ஆச்சுண்ணு பாக்க. நல்ல பக்தியுள்ள சிஸ்டர்.

அந்த ஆவணி மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு வந்து போனை எடுத்துக் குடுத்தேன். அவ காதுல வெச்சிட்டு அப்படியே நின்னா. தங்கச்சி அழுகது எனக்கும் கேக்குது. போனை வெச்சிட்டு என்னட்ட வந்தா.

"ஆத்தே, அம்மாக்கு சுகமில்ல. ரத்தம். நான் போகணும். பாஸ்போர்ட் தா."

"ததேயு வரட்டும்"ண்ணேன்.

"எப்ப வரும்?"

"கான்ட்ராக்ட் முடிஞ்சா வருவான்."

"அம்மா அதுவரை இருக்காது."

"அப்படி எல்லாம் வாய் வைக்காத. சகாய மாதாவுக்கு நவநாள் சொல்லுவோம். நானும் சொல்லுறேன், உபவாசம் இருந்து சொல்லுறேன்."

சொன்னேன் மக்ளே. புதன்கிழமை பச்சத்தண்ணி குடிக்காம அவளுக்க அம்மைக்காகச் செபிச்சேன். யாரு செய்வா? ததேயுட்ட மட்டும் நான் சொல்லல்ல. கடல்ல நிக்கப்பட்டவன், மனசு கலங்கினா என்ன ஆகும்? எண்ணெ கொதிக்கப்பட்ட இடத்துல வேலை அவனுக்கு. அவளுட்டயும், "போன்ல இதச் சொல்லாத, உனக்க மாப்பிள உயிரு உனக்கு வேணும்ண்ணா சொல்லாத"ண்ணு சொல்லி வெச்சேன். அவ சொல்லல்ல. அவன் "சாப்பிட்டியா"ண்ணான், அவ "சாப்பிட்டு"ண்ணா.

அழுகல்ல, கேட்டியா? அதுதான் எனக்கு ஆறுதல். திரும்பியும் முடிச்சு போட உக்காந்துட்டா. திருநாளுக்குள்ள பீடத்துணிய முடிக்கணும், புதுப் பாவு ஏத்தணும்ண்ணா. பாவுண்ணா நீளவாட்டுல கட்டக்கூடிய இழை. அதுக்கு ஒரு ஆளால முடியாது, ஆத்தே நீயும் வாண்ணா. நாங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா முடிஞ்ச இழை எல்லாம் அதுல. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு என்னைத் தரையில இருத்தி, இழைகளுக்க ஒரு நுனிய எனக்க ரெண்டு கையிலயும் விரல் விரலா விரிச்சுப் பிடிக்க வெச்சா. மறு நுனி தறியில. நடுவுல எட்டு முழ நீளத்துக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இழை நிக்கு. வெயிலு பட்ட இடத்துல மட்டும் மினுங்கு.

"ஆத்தே, அசையாத. விட்டா எல்லாம் சிக்கு. எல்லாம் போகும்."

"நீ சோலியப் பாரு, நான் பிடிச்சுக்கிடுவேன்"ண்ணேன்.

அவ எழும்பினா. எனக்க பின்னால வந்தா. இடுப்புல கை படுகது தெரிஞ்சுது. சாவிய எடுக்குறா. "என்ன பிள்ளே"ண்ணேன், மெதுவா, மூச்சு இழையில படாம. பீரோ திறக்கப்பட்ட சத்தம் கேட்டுது. அந்தப் பீரோவுக்கக் கதவு ஒரு மாதிரி முனங்கும். பொறவு குழாயில தண்ணி. முகம் கழுவுறா. தலை சீவிக்கிட்டே முன்னறைக்கு வந்தா, தோள்ல ஒரு பை. சாவிய எனக்க இடுப்புல திரும்ப சொருகினா. பீரோவ அவ பூட்டியிருந்தா, பொறவு பாத்தேன், எனக்க சங்கிலி, தோடு எல்லாம் வெச்ச இடத்துல இருந்துது.

அவங்க ஊர்ல பெரியவங்க கைய எடுத்து நெத்தியில வெப்பாங்களாம். எனக்க கை ரெண்டும் இழையில. அவ முட்டுக்குத்தி இருந்து, குனிஞ்சு, நெத்தியக் கொண்டு எனக்க விரல்ல தொட்டா. சூடா இருந்துது நெத்தி. ஒரு இழை கூட அசையல்ல. எழும்பி செருப்பப் போட்டா. வாசல்ல ஆட்டோ வந்து நிக்கு, உள்ள லீமாரோஸ் சிஸ்டர். கேட்டு? அண்ணைக்குக் கேட்டுப் பூட்டல்ல. நான் வீட்டுக்குள்ளதானே இருக்கேன், எதுக்குப் பூட்ட? ஆட்டோ போற சத்தம் கோயில் முக்கு வரைக்கும் கேட்டுது.

நான் இழையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். வெயிலு சுவர்ல ஏறி ஏறிப் போச்சு. அடுத்த வீட்டுக்காரி விளக்கு வெக்கப்பட்ட நேரத்துல எட்டிப் பாத்து, "என்ன இருட்டுக்குள்ள இருக்க?"ண்ணா. அவளத்தான் கூப்பிட்டு, பலகை எடுத்துத் தரச்சொல்லி, நுனிய எல்லாம் அதுல சுத்திக் கட்டினேன். கை ரெண்டும் மரத்துப்போச்சு. கரண்டி பிடிக்க ரெண்டு நாளாச்சு. இப்படி ஏமாத்திட்டுப் போவாளா ஒரு பெண்ணு? நான் என்ன குறை வெச்சேன்? ஊர்ல கேளு, யாருட்ட வேணும்ண்ணாலும் கேளு.

ததேயு வந்தான், கான்ட்ராக்ட் முடியாமலே. நான் வாசல்ல நின்னே சொன்னேன், உனக்க பெஞ்சாதி இப்படிச் செய்துட்டா, சிஸ்டரும் கூட்டுண்ணு. அவன் பெட்டியக் கீழ வெக்காம கேட்டான். பொறவு, "டிக்கெட் எடுத்தது நான்தான் அக்கா. சிஸ்டர் எனக்கு போன் போட்டாங்க"ண்ணான்.

"என்னட்டச் சொன்னா என்னடா? நான் விடமாட்டேன்ணா சொல்லுவேன்?"

அவன் என்னைப் பாக்கல்ல. தறியத்தான் பாத்தான். நான் அண்ணைக்கு நடந்தது எல்லாம் ஒண்ணுவிடாம சொன்னேன், இழையப் பிடிச்சது, சாவி, நெத்தி, எல்லாம்.

"நீ எழும்பி ஒரு சத்தம் போட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா இல்லியா அக்கா?"

"எழும்பினா இழை எல்லாம் சிக்கு விழுந்திருக்குமேடா."

அவன் தரையில வந்து இருந்தான். தாடி எல்லாம் நரைக்கத் தொடங்கியாச்சு அவனுக்கு. எனக்க மடியில தலைய வெச்சுக்கிட்டு அழுதான், சின்ன வயசுல அம்மை செத்தண்ணு அழுத மாதிரி. நூலு நல்லாத்தாண்டா இருக்கு, ஒண்ணும் அறுந்துபோகல்லண்ணு சொன்னேன். அதுக்கும் அழுதான். எதுக்கு அழுதான்ணு எனக்கு இண்ணு வரைக்கும் வெளங்கல்ல.

பத்து நாளு நின்னான். பொறவு அவனும் அங்க போயிட்டான். அவளுக்க அம்மை பொழச்சுக்கிட்டுதாம், நடக்குதாம். நவநாள் வீண்போகல்ல பாத்தியா? இப்ப அங்கயே ஒரு சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கானாம். ஒரு பெண்பிள்ள பிறந்திருக்கு. வாண்ணு சொல்லுறாங்க. ரெண்டு பேரும் போன்ல மாறி மாறி, வா அக்கா, வா ஆத்தே. பிள்ளைய நோக்க ஆளு வேணும் போல. நான் என்ன ஆயாவா? வீட்ட விட்டுட்டு எப்படிப் போக? முன்னறையில பாவு கெடக்கு. அவ விட்ட இடத்துலயிருந்து நான்தான் நெய்யுறேன். கோணல்மாணலாத்தான் வருது. இழை பத்தாம போனா நாரு எடுத்து முடியணும். தாசையனால இப்ப இலைய மதிலுக்கு மேலால எறிய முடியல்ல, கண்ணாடிச் சில்லு கிழிக்குதாம். நானே பையத் தூக்கிட்டுச் சுத்திப் போய் வாங்குறேன்.

இருந்தாலும் அந்தப் பெண்ணு அவ்வளவு கேக்குறாளே, ஒரு பாஸ்போர்ட் எடுத்து வெச்சா என்ன, போகணும்ண்ணு இல்ல, சும்மா இருக்கட்டுமேண்ணுதான் இண்ணைக்கு நாகர்கோவில் வந்தேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. போட்டோ எடுத்தாங்க. பொறவு ஒரு பிள்ள, உனக்கு இருக்கப்பட்ட வயசுதான், ஒரு மெஷினைக் காட்டி விரல வைங்கம்மாண்ணா. வெச்சேன். எடுக்கல்ல. துடைச்சிட்டு வைங்கண்ணா. துடைச்சிட்டு வெச்சேன். இந்தக் கை, அந்தக் கை, பெருவிரலு, எல்லா விரலும். ஒண்ணும் எடுக்கல்ல. எனக்க கையப் பிடிச்சுத் திருப்பிப் பாத்திட்டு, "ரேகையே இல்லியேம்மா, என்ன வேலை செய்தீங்க?"ண்ணா.

அண்டியாபீஸ்ல முந்திரித் தோடு உடைச்ச கை மக்ளே. அவனை அதுலதான் வளத்தேன். முந்திரிக்கொட்டைக்க எண்ணெ பட்டா தோலு வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கிட்டு உடைப்போம். அது நிறுத்தி எவ்வளவோ காலமாச்சே, இப்ப என்ன வேலைண்ணு கேட்டா. வேலை ஒண்ணுமில்ல, நாருல முடிச்சு போடுவேன்ண்ணேன். "அதான். உள்ளதும் தேஞ்சுபோச்சு. கொஞ்ச நாளு கைக்கு ஒரு வேலையும் குடுக்காதீங்க, எண்ணெ தேய்ங்க, ரேகை திரும்பி வரும். வந்த பொறவு வாங்க"ண்ணா. நல்ல பிள்ள. கையில இருந்த கிரீமைக் கூட எனக்குக் கொஞ்சம் தேய்ச்சு விட்டா.

நான் அப்ப தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். இப்ப பஸ்ஸுல இருந்து யோசிக்கேன். முடிச்சு போடாம இருந்தா பாவு அப்படியே நிக்கும். பாவ முடிக்காம நான் எங்க போக? முடிச்சு போட்டா விரலு வராது. சரி, கெடக்கட்டும். போகாட்டி என்ன? இந்த வயசுல கடல் தாண்டி என்னத்தக் காண? பிள்ளைய போன்ல பாத்தாச்சு. அவளுக்க ஜாடைதான், மூக்கு மட்டும் ததேயுக்குள்ளது.

அன்னா தெரியுது பாரு, மார்த்தாண்டம் பாலம் வந்தாச்சு. எனக்கு இறங்கணும். பையக் கொஞ்சம் எடுத்துத் தா.

மக்ளே, இறங்குகதுக்கு முன்னால ஒண்ணு. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். இந்தப் பெருவிரலைக் கொஞ்சம் பாரு. இப்படி வெளிச்சத்துல பிடிக்கேன். அந்தப் பிள்ள கிரீம் தேய்ச்ச இடம். வரி ஏதாவது தெரியுதா? எனக்கு ஒண்ணு தெரியுத மாதிரி இருக்கு, நகத்துக்கப் பக்கத்துல, வளைஞ்சு. எனக்க மனசுக்காகச் சொல்லாத. பாத்துச் சொல்லு.